தெலுக் இந்தான் ஆற்றோரம்: ஊர் எப்போது ஆற்றுக்கு முதுகைத் திருப்பியது?

செலாபா பேத்தி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சித்ரா பௌர்ணமிக்கு மலேசியாவில் பேராக் மாநிலத்தில் இருக்கிற நம் தெலுக் இந்தானுக்குப் போயிருந்தேன். செட்டியார் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகளுக்குச் சாய்ந்த கோபுரத்தைக் காட்டிவிட்டு, "வாங்க, கொள்ளுப்பாட்டி வந்து இறங்கின இடத்தைப் பார்க்கலாம்" என்று பேராக் ஆற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். போயிருக்க வேண்டாம்.

கடைவரிசையின் பின்பக்கம்தான் ஆற்றைப் பார்த்து நிற்கிறது. ஏர்கோன் பெட்டிகளிலிருந்து சொட்டுகிற தண்ணீர், மீன் கழுவின வாடை, மாடியில் கூட்டை விற்பதற்காகக் குருவி வளர்க்கிறவர்கள் வைத்த ஒலிபெருக்கியிலிருந்து நிற்காத கீச்சுச் சத்தம். ஆறு மட்டும் அப்படியே இருக்கிறது. அகலமாக, மண் நிறத்தில், எங்கேயும் அவசரமாகப் போகாதது மாதிரி. ஆனால் அதைப் பார்த்து ஐந்து நிமிடம் நிற்பதற்கு ஓர் இடம் தேடி நாங்கள் இருபது நிமிடம் நடந்தோம்.

பாட்டி சொன்ன ஊர் வேறு. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து சின்னக் கப்பலில் தெலுக் ஆன்சன் வந்தாராம். கரையிலிருந்து செலாபா தோட்டத்துக்கு மாட்டு வண்டி. பாட்டிக்குக் கடைசி வரை இது தெலுக் ஆன்சன்தான். 1982இல் பெயரை மாற்றினதை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கப்பல் வந்த காலத்தில் ஊரின் வாசல் ஆற்றோரம். இன்றைக்கு அது கொல்லைப்புறம்.

என் கணக்கு இது: 1989இல் தாப்பா ரோட்டிலிருந்து நம் ஊருக்கு வந்த ரயிலை நிறுத்தினார்கள், அதோடு ஆற்றோரம் செத்துவிட்டது. சரியா? பழைய ஆட்கள் சொல்லுங்கள்.

சாயாத கோபுரம்

அக்கா, "செத்துவிட்டது" என்பது பெரிய வார்த்தை. நான் கோபுரத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கிறேன், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். சனி ஞாயிறு வந்து பாருங்கள், சீ சியோங் பன் என்ற சீனப் பலகாரம் வாங்க ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிற ஆட்களுக்குக் காடி (கார்) நிறுத்த இடம் கிடையாது.

ஆனால் ஒன்று உண்மை. அவர்கள் கோபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். படம் எடுப்பது, தின்பது, மூட்டை கட்டுவது. ஆறு பக்கத்திலேயே இருக்கிறதென்று பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் கோபுரமே தண்ணீருக்காகக் கட்டியது, அதைக்கூட யாரும் கேட்பதில்லை. 1885இல் லியோங் சூன் சோங் என்ற கட்டுமானக்காரர் கட்டினார். மேலே தண்ணீர்த் தொட்டி, வறட்சிக்கும் தீ விபத்துக்கும். அதன் பாரமும் அடியில் இருக்கிற சேற்று மண்ணும் சேர்ந்துதான் சாய்த்தன. வெளியே பார்த்தால் எட்டு மாடி, உள்ளே மூன்றுதான். மேலே இருக்கிற கடிகாரம் லண்டனிலிருந்து வந்தது. இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறேன், இங்கேயும் சொல்லியாச்சு.

என் பார்வையில் ரயில் காரணமே இல்லை. வீடுகளெல்லாம் சங்காட் ஜோங் ரோட்டுப் பக்கம் போய்விட்டன. தாமான் மேல் தாமான், எல்லாம் புதுக் குடியிருப்புகள். பேரங்காடியும் அங்கே, பிள்ளைகளின் டியூசனும் அங்கே. அப்புறம் யார் ஆற்றோரம் வருவார்கள்?

கடைசிப் பெட்டி

நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன். எழுபதுகளில் சேர்ந்தேன், தாப்பா ரோட்டிலும் நம் ஊர் ஸ்டேசனிலும் மாற்றி மாற்றி இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேத்தி சொன்ன வருஷம் சரி, காரணம்தான் தலைகீழ். இந்த ஊருக்கு ரயில் வந்ததே ஆற்றுக்காக. ஈப்போ பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் (வெள்ளீயம்) அதற்கு முன்னால் படகில் ஆற்று வழியாக இறங்கி வரும். 1893இல் இங்கிருந்து தாப்பா ரோடு வரைக்கும் தண்டவாளம் போட்டார்கள், 1895இல் அது ஈப்போவை எட்டியது. கவனியுங்கள், பாதை இங்கே தொடங்கி ஈப்போவுக்குப் போனது. தெலுக் ஆன்சன்தான் வேர். ஈயம் ரயிலில் வந்து கரையில் இறங்கும், கரையிலிருந்து கப்பல் ஏறும். ஆறும் ரயிலும் ஒரே தொழிலின் இரண்டு கை.

அப்புறம் 1903. வடக்கே பினாங்குக்கு எதிரே இருக்கிற பிறையிலிருந்து தெற்கே சிரம்பான் வரை ஒரே நீளப் பாதையாகச் சேர்ந்துவிட்டது. ஈப்போ ஈயம் வடக்கே பினாங்கு பக்கம் போகலாம், தெற்கே கிள்ளான் பக்கம் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் போகலாம். ஆழமான துறைமுகம் அங்கே இருக்கும்போது, வளைந்து வளைந்து ஆற்றுக்குள் வந்து, மணல் திட்டில் தட்டாமல் பார்த்து, கடல் ஏற்றம் இறக்கம் பார்த்து யார் இங்கே கப்பலைக் கொண்டுவருவான்? ஒரே நாளில் இல்லை, ஆனால் வேராக இருந்த ஊர் கிளையாகிவிட்டது. நாங்கள் சேர்ந்தபோது எங்கள் காகிதத்திலெல்லாம் இதற்குப் பெயரே கிளைப் பாதைதான்.

ஒரு காட்சி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைத் தண்டவாளம், எதிரே வண்டி வரக்கூடாது. அதற்காக ஒரு டோக்கன் உண்டு. தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கட்டி, டிரைவர் கையில் கொடுப்போம். அது கையில் இல்லாமல் வண்டி அசையாது. வண்டி நிற்காமல் மெதுவாகப் போனால், நான் பிளாட்பாரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடிப்பேன், டிரைவர் கையை உள்ளே விட்டு முழங்கையில் மாட்டிக்கொள்வார். மழை நாளில் அந்தத் தோல் ஊறி மணக்கும். இப்போதும் ஈரச் செருப்பு வாடை வந்தால் எனக்குத் தாப்பா ரோடுதான் ஞாபகம் வரும்.

கடைசி வருஷங்களில் பயணிகள் பெட்டியில் ஏறினவர்களை விரல் விட்டு எண்ணலாம். நிறுத்தின அன்றைக்கு ஊரில் யாரும் அழவில்லை. அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே ஏறுவதை விட்டுவிட்டார்கள். அழுதவர்கள் எல்லாம் அப்புறம் வந்தவர்கள்.

செலாபா பேத்தி

ஐயா, கடைசி வரி எனக்குத்தான் என்று புரிகிறது. வாங்கிக்கொண்டேன். 🙂

லெக்கீர்காரன்

ஆற்றின் அந்தப் பக்கத்துக்காரன் ஒருவனாவது பேச வேண்டாமா? உங்களுக்கு ஆறு என்றால் கப்பல், எங்களுக்கு ஆறு என்றால் தடுப்பு.

பாலம் வருவதற்கு முன்னால் பெர்ரிதான். லெக்கீரிலிருந்து அப்பா மோட்டோவில் என்னை ஏற்றிக்கொண்டு வருவார், பல் வலிக்கும் சரி, தீபாவளித் துணிக்கும் சரி. கரைக்கு வந்தால் வரிசை. வரிசையில் நிற்பவர்களை நம்பியே ஒரு சந்தை உண்டு. வாழை இலையில் மடித்த நாசி லெமாக், வேகவைத்த கடலை, நெகிழிப் பையில் ரப்பர் போட்டுக் கட்டின ஐஸ் தண்ணி. சீனக் கிழவி ஒருவர் முட்டை விற்பார். அப்பா எப்போதும் ஒரே வசனம்தான் சொல்வார்: "இந்தா, அடுத்த நடைக்குப் போயிடலாம்." அடுத்த நடையில் போனதே இல்லை.

எண்பதுகளின் பின்பாதியில் சுல்தான் யூசோப் பாலம் கட்டினார்கள். எனக்கு அது உலக அதிசயம். அம்மா முதல் தடவை பேருந்தில் பாலத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார், பாலம் முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்று கேட்டார். அரை நாள் பிரயாணம் ஐந்து நிமிடமானதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஆனால் பாலம் நகரத்துக்கு நடுவில் வரவில்லை. வெளியே, பாத்தாக் ராபிட் பக்கம். அஞ்சாம் நம்பர் ரோட்டில் வருகிறவன் ஊருக்குள் நுழையாமலே சபாக் பெர்ணம் பக்கம் போய்விடலாம். அந்தக் கடலைக்காரர், முட்டைக் கிழவி எல்லாம் எங்கே போனார்களோ. சாயாத கோபுரம் அண்ணே, உங்கள் ஆற்றோரத்தைக் கொன்றது தாமான் இல்லை, எங்கள் பாலம். அதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை. பல் வலியோடு இரண்டு மணி நேரம் நின்று பாருங்கள், பழைய காலம் எவ்வளவு அழகென்று தெரியும்.

மூணாம் டிவிஷன்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கப்பல், ரயில், பாலம் எல்லாம் வந்துவிட்டது. லாரி வரவில்லையே?

நான் நோவா ஸ்கோஷியா தோட்டத்துப் பிள்ளை. எங்களில் யாரும் கப்பலில் போனதில்லை, ரயிலில் போனவர்கள் குறைவு. எங்களுக்குப் பட்டணம் என்பது மாதத்தில் இரண்டு நாள். அட்வான்ஸ் கொடுக்கிற நாளை ஒட்டி ஒன்று, சம்பள நாளை ஒட்டி ஒன்று. தோட்டத்து லாரியில் பெண்கள் நடுவில், ஆண்கள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. பாசார் பக்கம் இறக்கி விடுவார் டிரைவர், நாலு மணிக்கு அதே இடம். அந்த நாலு மணி நேரத்தில் ஆற்றோரத்துத் தெருக்கள் மொத்தமும் தமிழ் பேசும். துணிக்கடைச் சீனர் எங்கள் அம்மாவிடம் "என்ன தங்காச்சி, போன மாசம் பாக்கி?" என்று கேட்பார். நகைக்கடை, அடகுக்கடை, சினிமா, கடைசியாக மஸ்தான் கனி கடையில் மீ ரெபுஸ் நூடுல்ஸ். காசு மிஞ்சினால்தான் மீ.

சித்ரா பௌர்ணமி என்றால் கணக்கே கிடையாது. பாகான் டத்தோ தென்னந்தோட்டத்திலிருந்து, ஜெண்டராட்டாவிலிருந்து, உத்தான் மெலிந்தாங்கிலிருந்து லாரி லாரியாக.

அந்த லாரிகள் நின்றன. அதைப் பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். பால் மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார்கள், செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பிள்ளைகள் படித்துச் சிலாங்கூர் பக்கம் போனார்கள், படிக்காதவர்களும் ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். தொழிலாளர் லயத்தில் இப்போது வங்காளதேசத்துத் தம்பிகளும் இந்தோனேசியர்களும். அவர்கள் கைபேசியில் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, சாலைச் சந்திப்பில் இருக்கிற கடையில் அரிசி வாங்கிக்கொள்கிறார்கள். ஆற்றோரத்துக் கடைகளுக்குச் சம்பள நாள் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. ரயிலா பாலமா என்று நீங்கள் சண்டை போடுகிறீர்கள். வாடிக்கையாளரே ஊரை விட்டுப் போய்விட்டார், அதுதான் நடந்தது. அதில் நானும் ஒருவன். எழுதுவது காப்பாரிலிருந்து.

சாயாத கோபுரம்

தம்பி எழுதினதைக் கடையில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "சம்பள நாளுக்கு மறுநாள் கல்லாவை எண்ண ரெண்டு பேர் வேணும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆக, தாமான் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பாதி வாபஸ்.

கடைசிப் பெட்டி

மூணாம் டிவிஷன் தம்பிக்கு ஒரு சின்ன இணைப்பு. ரயில் போய்விட்டது என்கிறோம், மாவட்டத்தில் ரயில் இன்னும் ஓடுகிறது. ஜெண்டராட்டாவுக்குப் போனால் பார்க்கலாம். 1906இல் டென்மார்க் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கின தோட்டம், இன்றைய யுனைடெட் பிளாண்டேஷன்ஸ். அங்கே குறுகிய தண்டவாளத்தில் சின்ன எஞ்சின் ஒன்று செம்பனைக் குலை நிரம்பின இரும்புக் கூண்டுகளைக் கோத்து இழுத்துக்கொண்டு ஆலைக்குப் போகும். லாரியில் கொட்டி அள்ளினால் பழம் அடிபடும், அடிபட்ட பழத்தில் எண்ணெயின் தரம் கெடும். கூண்டில் போட்டதைக் கூண்டோடு அவிக்கக் கொண்டுபோகலாம். பழத்துக்கு ரயில் கட்டுப்படியாகிறது, மனுசனுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றாகிவிட்டது.

இன்னொன்று, அந்தத் தோட்டம் 2017லிருந்து நம் மாவட்டமே இல்லை. பாகான் டத்தோ தனி மாவட்டமாகிவிட்டது. பழைய பழக்கத்தில் நாம் எல்லாவற்றையும் பழைய மாவட்டப் பெயரில் ஹிலிர் பேராக் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இரவுப் பேருந்து

வயதில் சின்னவன், கோபப்படாதீர்கள். இந்த இழையில் எல்லாரும் "போனது" பற்றியே பேசுகிறீர்கள். வந்தது எதுவும் இல்லையா?

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுசாகத் திறந்தபோது அது பீடோர் வழியாகப் போனது. ஐயா சொன்ன 1903 கதைதான் மறுபடியும்: பெரிய பாதை உள்நாட்டுப் பக்கம், நாம் கிளை. பீடோரில் இறங்கி லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வர வேண்டும். ஆனால் 2019இல் மேற்குக்கரை நெடுஞ்சாலையின் உத்தான் மெலிந்தாங் - தெலுக் இந்தான் துண்டைத் திறந்தார்கள். திட்டம் முழுசாக முடிந்தால் பந்திங்கிலிருந்து தைப்பிங் பக்கம் சங்காட் ஜெரிங் வரை 233 கிலோமீட்டர். டோல் வைத்த பெரிய சாலை ஒன்று நம் ஊர்ப் பக்கமே வந்து, ஊர்ப் பெயரைப் பலகையில் போட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பலகையின் முன்னால் நின்று படம் எடுத்தோம், சிரிக்காதீர்கள்.

ரயிலைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று யாராவது அடுத்து எழுதப் போகிறீர்கள் என்று தெரியும். தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள். எனக்கு ரயில் வேண்டாம், தாப்பா ரோட்டிலிருந்து ஒழுங்கான பேருந்து போதும்.

செலாபா பேத்தி

தம்பி, சரியான இடத்தில் தொட்டீர்கள். நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

2010லிருந்து மின்ரயில் ஓடுகிறது. கோலாலம்பூரிலிருந்து தாப்பா ரோட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வண்டி சுத்தம், கழிப்பறை சுத்தம், குளிர்தான் தாங்காது. என் அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, பேருந்தில் கால் வீங்குகிறது, அதனால் ரயில். சித்ரா பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய் இறங்கினோம். எங்களோடு இறங்கினவர்கள் ஏழெட்டுப் பேர். ஐந்து நிமிடத்தில் எல்லாரையும் யாரோ வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேசனில் நாங்கள் நாலு பேர், ஒரு பூனை, விளக்கைச் சுற்றிப் பூச்சி. பேருந்து இல்லை. கைபேசியில் காடி கூப்பிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருவர் ஒப்புக்கொண்டார், பத்து நிமிடம் கழித்து ரத்து செய்தார். ஸ்டேசன் ஊழியர் தனக்குத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுவிட்டார். வந்து சேரப் பதினொன்றே கால். எண்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அந்த மனிதர் மேல் குற்றமில்லை, திரும்பும்போது வெறும் காடியோடுதானே போக வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து தாப்பா ரோட்டுக்கு நாலு பேருக்குக் கொடுத்தேனே ஒரு காசு, அதில் பாதிக்கு மேல் கடைசித் துண்டுக்குப் போய்விட்டது. அம்மா பின்சீட்டில் தூங்குகிற மாதிரி இருந்தார். லங்காப் தாண்டினதும் கண்ணைத் திறக்காமல், "அந்தக் காலத்தில ரயில் நேரா ஊருக்குள்ள வரும்" என்றார். அப்போது கொதித்ததில்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

லெக்கீர்காரன்

அக்கா, உங்கள் அம்மா சொன்னது சரி, ஐயா சொன்னதும் சரி. நேராக வந்தது. ஆனால் யாரும் ஏறவில்லை.

கடைசிப் பெட்டி

ஏறவில்லை, ஏனென்றால் ஒரு நாளைக்கு ஏறத்தக்க நேரத்தில் வண்டி விடவில்லை. வண்டி விடவில்லை, ஏனென்றால் ஏறவில்லை. இந்தச் சுழலை நான் உள்ளே இருந்து பார்த்தேன். அதை மறுக்க மாட்டேன். முன்னால் கொஞ்சம் கறாராக எழுதிவிட்டேன்.

ஆற்றைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். பேராக் ஆறு நம் ஊரைச் சுற்றி எப்படி வளைகிறது என்று வரைபடத்தில் பாருங்கள், கிட்டத்தட்ட சுருக்குக் கயிறு. வளைவின் வெளிக்கரையை ஆறு அரிக்கும், உள்கரையில் மண் கொட்டும். எங்கள் அப்பா மீன் பிடித்த துறை இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. கழுத்துப் பகுதியை அறுத்துக்கொண்டு ஆறு ஒரு நாள் நேராகப் போய்விடுமோ என்ற பேச்சு ஊரில் ரொம்ப காலமாக உண்டு. அதனால் கரையில் கல்லும் இரும்புத் தடுப்பும் போடுகிறார்கள், கட்டடங்களும் ஒதுங்கி நிற்கின்றன. ஊர் முதுகைத் திருப்பினது மறதியால் மட்டும் இல்லை, கொஞ்சம் பயமும்தான்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது எங்கள் அப்பா தலைமுறைக்கு. 1941 டிசம்பர் கடைசியிலிருந்து 1942 ஜனவரி தொடக்கம் வரை கம்பாரில் பிரிட்டிஷ் படை நாலு நாள் தாக்குப்பிடித்து நின்றது. ஜப்பான்காரன் என்ன செய்தான்? படகில் உத்தான் மெலிந்தாங் வந்து இறங்கினான், ஆற்று வழியாகவும் வந்தான், தெலுக் ஆன்சனைப் பிடித்து அவர்களுடைய முதுகுப் பக்கம் வந்தான். கம்பாரை விட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அப்பா ஆற்றில் இராத்திரி மோட்டார் சத்தம் கேட்டால் கடைசி வரை விளக்கை அணைப்பார்.

மூணாம் டிவிஷன்

ஐயா, இதையெல்லாம் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றால் யாராவது போய் உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும். நான் வருகிறேன்.

கடைசிப் பெட்டி

கண் சரியில்லை, பேரன் தட்டச்சு செய்கிறான். வாருங்கள். காலையில் பசியாற வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

இரவுப் பேருந்து

பேத்தி அக்கா, அடுத்த தடவை எப்போது வருகிறீர்கள்? எனக்கு லங்காப்பில் வீடு, வெள்ளிக்கிழமை ராத்திரி எப்படியும் நான் வந்துவிடுவேன். தாப்பா ரோட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்கிறேன். எண்பது வெள்ளி வேண்டாம், மீ ரெபுஸ் வாங்கிக் கொடுத்தால் போதும்.

செலாபா பேத்தி

அடுத்த மாதம் இரண்டாம் வெள்ளி. அம்மாவும் வருவார், அவருக்கு முன்சீட்டு வேண்டும். மூணாம் டிவிஷன், நீங்கள் காப்பாரிலிருந்து எதில் வருகிறீர்கள்?

மூணாம் டிவிஷன்

மேற்குக்கரை நெடுஞ்சாலைதான் அக்கா. காடியில் இரண்டு இடம் காலி. யாராவது கிள்ளான் பக்கத்திலிருந்து வருவதாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.